தனியா போட்டா கோடிங் பிராப்ளத்துக்கு விடை வந்துடுது, இன்டர்வியூவில் நின்னுடுது. கோடு தவிர வேற என்ன தெரிஞ்சிருக்கணும்?

அரைப்புள்ளி கேட்டது:

பேக்எண்ட் டெவலப்பர், இரண்டு வருஷ அனுபவம். வேலை மாறத் தயாராகிட்டு இருக்கேன். தனியா உட்கார்ந்தா மீடியம் லெவல் பிராப்ளம் பெரும்பாலும் வந்துடுது. எதிரில் ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தா பாதியிலேயே நின்னுடுது. கோடு சரியா ஓடியும் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிடலைன்னு பலர் சொல்றதையும் கேட்கிறேன். அப்போ விடையைத் தாண்டி வேற எதுக்கோ மார்க் இருக்குன்னுதானே அர்த்தம்?

விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. கோடிங் ரவுண்டில் எதைப் பார்க்கிறாங்க, அதை எப்படிப் பழகுறது? என் அனுபவத்துக்கு சிஸ்டம் டிசைன் (ஒரு மென்பொருளோட மொத்த அமைப்பைத் திட்டமிடறது) எவ்வளவு ஆழம் போகணும்? "நிறைய பிராக்டிஸ் பண்ணு"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எதை, எப்படின்னு வேணும்.

---

இடதுசுட்டி பதில்:

நீங்கள் ஊகித்தது சரி. பல இடங்களில் மதிப்பீட்டுப் படிவத்தில் விடை ஒரு வரிதான். கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, வழியை எதை வைத்துத் தேர்ந்தெடுத்தார், கோடு அடுத்தவர் படிக்கும்படி இருக்கிறதா, தன் தவறைத் தானே கண்டுபிடித்தாரா என்பதெல்லாம் தனித்தனியாக எழுதப்படும். அரை மணி நேரம் பேசாமல் டைப் செய்துவிட்டு "முடிந்தது" என்று சொன்னால், கோடு ஓடினாலும் அந்த மற்ற வரிகளில் எழுத எதுவும் இருக்காது. மனப்பாடம் செய்த விடையா, யோசித்து வந்ததா என்ற சந்தேகமும் சேர்ந்துவிடும்.

45 நிமிட ரவுண்டில் கோடு எழுத உங்களுக்கு நிஜமாகக் கிடைப்பது சுமார் 20 நிமிடம். அறிமுகத்துக்கு 5 போகும், கடைசியில் உங்கள் கேள்விகளுக்கு 5 போகும். மீதி 35இல் முதல் 5 நிமிடம் கேள்வியைத் தெளிவாக்க, அடுத்த 5 அல்லது 7 வழியைச் சொல்லி ஒப்புதல் வாங்க, கடைசி 5 சரிபார்க்க. தனியாகப் போடும்போது இந்த மூன்றையும் யாரும் பழகுவதில்லை, கேள்வியைப் படித்ததும் எழுத ஆரம்பித்துவிடுகிறோம். நீங்கள் பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

தெளிவாக்குவது என்றால் சடங்குக்கு இரண்டு கேள்வி கேட்பதல்ல. எண்ணிக்கையைக் கேளுங்கள். உள்ளீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தாலே பாதி வழிகள் அடிபட்டுவிடும். ஒரு விநாடியில் சுமார் 10 கோடி எளிய செயல்கள் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள் (சி++ போன்ற மொழிகளுக்கு, பைத்தான் இதைவிடப் பல மடங்கு மெதுவு). 20 உறுப்புகள் என்றால் எல்லா உட்கணங்களையும் முயன்றாலும் 10 லட்சத்துச் சொச்சம்தான், பேக்டிராக்கிங் (ஒவ்வொரு வழியாக முயன்று, ஆகாவிட்டால் பின்வாங்கி அடுத்ததைப் பார்ப்பது) போதும். 500 என்றால் மூன்று அடுக்கு லூப் 12.5 கோடி, விளிம்பில் நிற்கும். 5,000க்கு இரட்டை லூப் 2.5 கோடி, பரவாயில்லை. 1 லட்சம் என்றால் இரட்டை லூப்பில் சுமார் 500 கோடி ஜோடிகள், ஆகாது. சார்ட் செய்து போவதோ, ஹாஷ் மேப்போ (எதையும் உடனே தேடி எடுக்கும்படி வைக்கும் அட்டவணை), ஒரே ஓட்டத்தில் முடிப்பதோதான் வழி. இந்தக் கணக்கை வாய்விட்டுச் சொல்லுங்கள். "1 லட்சம் என்பதால் இரட்டை லூப்பை விட்டுவிடுகிறேன்" என்ற ஒரு வாக்கியம் நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைக் காட்டிவிடும்.

எண்ணிக்கைக்கு அடுத்து: நெகட்டிவ் எண் வருமா, ஒரே மதிப்பு திரும்ப வருமா, காலியாக வருமா, பல விடைகள் இருந்தால் எதைத் தர வேண்டும்.

சரிபார்ப்பதைப் பற்றி ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். கேள்வி: ஒரு அரேயில், எந்த எண்ணும் திரும்ப வராத மிக நீளமான தொடர்பகுதியின் நீளம் என்ன? எல்லோருக்கும் தெரிந்த ஸ்லைடிங் விண்டோ, அதாவது இடது, வலது எல்லைகளை நகர்த்திக்கொண்டே போவது. ஒவ்வொரு எண்ணும் கடைசியாக எங்கே வந்தது என்று மேப்பில் வைத்து, அதே எண் மறுபடி வந்தால் இடது எல்லையை "கடைசி இடம் + 1"க்கு நகர்த்துகிறோம். இப்போது 4, 7, 7, 4 என்ற அரேயை இதில் ஓட்டிப் பாருங்கள், இன்டெக்ஸ் 0இல் தொடங்கி.

இன்டெக்ஸ் 0: எண் 4, இடது 0, நீளம் 1.
இன்டெக்ஸ் 1: எண் 7, இடது 0, நீளம் 2.
இன்டெக்ஸ் 2: எண் 7, முன்பு 1இல் வந்தது, இடது 2, நீளம் 1.
இன்டெக்ஸ் 3: எண் 4, முன்பு 0இல் வந்தது, இடது 1. நீளம் 3.

விடை 3 என்று வருகிறது, சரியான விடை 2. 2இல் இருந்த இடது எல்லை பின்னால் போய்விட்டது. பழைய இடது, "கடைசி இடம் + 1" இரண்டில் பெரியதை எடுத்தால் சரியாகிவிடும். 1, 2, 3, 1 மாதிரி சாதாரண உதாரணத்தில் இந்தப் பிழை தெரியவே தெரியாது. அதனால் டிரை ரன் (கோடைக் கையால் ஓட்டிப் பார்ப்பது) செய்ய கேள்வியில் கொடுத்த உதாரணத்தை எடுக்காதீர்கள். நான்கைந்து உறுப்புள்ள, உங்கள் கோடை உடைக்கக்கூடிய ஒன்றை நீங்களே செய்யுங்கள். மாறிகளின் மதிப்பை மேலே காட்டியபடி வரிவரியாக எழுதி ஓட்டுங்கள். கண்ணால் மேய்ந்துவிட்டு "சரியாகத்தான் இருக்கு" என்று சொல்வது சரிபார்ப்பதில் சேராது.

---

அரைப்புள்ளி:

ரொம்ப நன்றி. 4, 7, 7, 4 ஓட்டிப் பார்த்தேன், நான் எழுதி வெச்சிருந்த கோடும் 3ன்னுதான் சொல்லுது! ஒரு சந்தேகம்: எனக்குப் பேசிக்கிட்டே யோசிக்க வரல. பேச ஆரம்பிச்சா யோசனை நின்னுடுது. அப்புறம், அவங்களே ஹின்ட் கொடுத்தா மார்க் குறைஞ்சிடுமா?

---

சுழலெண் பதில்:

விடாம பேசிக்கிட்டே இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. இந்த அறிவுரையைத் தப்பா எடுத்துக்கிட்டு பலர் "இப்போ ஐன்னு ஒரு வேரியபிள் வைக்கிறேன், இப்போ லூப் போடறேன்"னு டைப் பண்றதையே ஒப்பிக்கிறாங்க. அது கேட்கிறவருக்கும் பிரயோஜனம் இல்ல, உங்க யோசனையையும் கெடுக்கும்.

மூணு இடத்தில் பேசினா போதும். ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போதோ விடும்போதோ, ஏன்னு. ஒரு ஃபங்ஷன் எழுதறதுக்கு முன்னாடி, அது என்ன வாங்கி என்ன தரும்னு. திசை மாத்தும்போது, எது சரிவரலைன்னு. நடுவில் அமைதி வேணும்னா கேட்டு வாங்குங்க: "ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு சொல்றேன்." யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. சொல்லாம மூணு நிமிஷம் உறைஞ்சு போறதுதான் பிரச்சனை. மாட்டிக்கிட்டாரா, முடிக்கப் போறாரான்னு எதிரில் இருக்கிறவருக்குத் தெரியாது, உதவவும் முடியாது.

மாட்டிக்கிட்டா என்ன பண்றதுன்னு ஒரு வரிசையை முன்கூட்டியே மனசில் வெச்சுக்கோங்க, பதட்டத்தில் புதுசா யோசிக்க வராது. முதல்ல புரூட் ஃபோர்ஸை (எல்லாத்தையும் முயன்று பார்க்கிற நேரடி வழி) வாயால சொல்லுங்க. அப்புறம் அதில் எந்த வேலை திரும்பத் திரும்ப நடக்குதுன்னு பாருங்க. அதை ஞாபகம் வெச்சா மிச்சமாகுதான்னு கேளுங்க, ஹாஷ் மேப், ப்ரீஃபிக்ஸ் சம் (அதுவரைக்குமான கூட்டுத்தொகையை வெச்சுக்கிறது), டைனமிக் புரோகிராமிங் (சின்னப் பகுதிகளோட விடையை வெச்சுப் பெரியதைக் கட்டறது) எல்லாம் இந்தக் கேள்வியிலிருந்துதான் வருது. அடுத்து, சார்ட் பண்ணியிருந்தா சுலபமாகுமா? கடைசியிலிருந்து ஆரம்பிச்சா? விடையை ஊகிச்சு அது சாத்தியமான்னு செக் பண்ண முடியுமா (அப்படின்னா விடை மேலேயே பைனரி சர்ச், அதாவது ஒவ்வொரு தடவையும் பாதியைக் கழிச்சுத் தேடறது)? எதுவும் வரலைன்னா மூணு உறுப்பு உள்ள உதாரணத்தைக் கையால போட்டு, உங்க கை என்ன பண்ணுதுன்னு கவனிங்க.

ஹின்ட் விஷயம். ஹின்ட் வாங்கினது மட்டுமே உங்களை வெளியே தள்ளாது. ஹின்டைக் கேட்காத மாதிரி பழைய வழியிலேயே போறது தள்ளும். "அரே சார்ட் ஆகி இருக்குன்னு கவனிச்சீங்களா?"ன்னு கேட்டா அது கேள்வி இல்ல, கதவைத் திறந்து விடறாங்க. நிறுத்துங்க, அதை உங்க வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்க, கையில் இருக்கிற உதாரணத்தில் அதைப் போட்டுப் பாருங்க, அப்புறம் கோடுக்குப் போங்க.

இன்னும் ஒண்ணு: நல்ல வழி வரலைன்னா, நேரத்தில் பாதி போறதுக்குள்ள புரூட் ஃபோர்ஸையாவது முழுசா ஓடற மாதிரி எழுதிடுங்க. பாதி எழுதின சூப்பர் வழியைவிட முழுசா ஓடற மெதுவான வழிக்கு மதிப்பு அதிகம்.

---

நெடுவரிசை பதில்:

சிஸ்டம் டிசைன் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். இரண்டு வருட அனுபவத்துக்கு பெரிய வரைபடம் எதிர்பார்க்க மாட்டார்கள். காஃப்கா (செய்திகளை வரிசையாகக் கடத்துவது), ரெடிஸ் (நினைவகத்தில் தரவு வைப்பது), ஷார்டிங் (டேட்டாபேஸைப் பல துண்டாகப் பிரிப்பது) என்று பெயர்களை அடுக்கினால் ஒவ்வொரு பெயருக்கும் "ஏன்?" வரும், அங்கே சிக்கிக்கொள்வீர்கள். உங்களிடம் எதிர்பார்ப்பது மூன்று: ஏபிஐ (மற்ற புரோகிராம்கள் அழைக்கும் வழி) என்ன, டேபிள் என்ன, எண்ணிக்கை தாங்குமா.

சுருக்க இணைப்பு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள், நீளமான முகவரியைக் கொடுத்தால் குட்டி முகவரி தர வேண்டும். மாதம் 10 கோடி புது இணைப்புகள் என்று வைத்தால், 30 நாளுக்கு 25,92,000 விநாடி, ஆக விநாடிக்கு சுமார் 39 முறை டேட்டாபேஸில் எழுத வேண்டும். ஒரு முறை எழுதுவதற்கு 100 முறை வாசிப்பு என்றால் விநாடிக்கு 3,900 வாசிப்பு. (ஒரு நாளுக்கு 86,400 விநாடி என்பது மட்டும் மனதில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.) ஒரு பதிவு 500 பைட் என்றால் மாதம் 50 ஜிபி, 5 வருடத்தில் 3 டிபி. அதாவது எழுதும் சுமை ஒரே டேட்டாபேஸுக்கே சாதாரணம், வாசிப்புக்கு கேஷ் (அடிக்கடி கேட்பதை அருகிலேயே வைத்திருப்பது) வைத்தால் நிம்மதி. இந்தக் கணக்கைப் போட்டவர் முதல் நிமிடத்திலேயே ஷார்டிங் பேச மாட்டார்.

அடுத்து, குட்டி முகவரிக்கு எத்தனை எழுத்து? பலர் "7" என்று ஒப்பிப்பார்கள். ஏன் 7? 5 வருடத்தில் 600 கோடி இணைப்புகள். எண்கள், சிறிய எழுத்து, பெரிய எழுத்து சேர்த்து 62 குறிகள். 6 இடங்களில் சுமார் 5,680 கோடி சேர்க்கைகள், எண்ணிக்கைக்கு அதுவே தாராளம். கவுன்ட்டர் வைத்து வரிசையாகக் கொடுத்தால் 6 போதும், ஆனால் அடுத்த இணைப்பு எது என்று யாரும் ஊகித்துவிடலாம். ரேண்டமாக உருவாக்கினால், 600 கோடி நிறைந்த நிலையில் பத்துக்கு ஒன்று ஏற்கெனவே இருப்பதோடு மோதும், மறுபடி முயல வேண்டும். 7 இடங்கள் என்றால் சுமார் 3.5 லட்சம் கோடி, மோதல் ஆயிரத்துக்கு இரண்டுகூட வராது. 7க்கான காரணம் இதுதான். இதைச் சொல்பவருக்கும் வெறுமனே 7 என்பவருக்கும் உள்ள வித்தியாசம் உடனே தெரியும்.

இதே கேள்வியில் அடிக்கடி வரும் தொடர் கேள்வி: ரீடைரக்டுக்கு (குட்டி முகவரியிலிருந்து நீளமானதுக்கு அனுப்புவது) 301ஆ, 302ஆ? 301 நிரந்தரம், பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை உங்கள் சர்வருக்கு வராமலே போகலாம். சுமை குறையும், ஆனால் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள் என்ற கணக்கு தப்பாகிவிடும். கணக்கு வேண்டுமென்றால் 302, அது தற்காலிகம். எது சரி என்பது தேவையைப் பொறுத்தது, அதை அவர்களிடமே கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள்.

எஸ்க்யூஎல் (டேட்டாபேஸைக் கேள்வி கேட்கும் மொழி) பக்கம் பேக்எண்ட் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள், வருத்தமாக இருக்கிறது. சிக்கவைக்கும் இடங்கள் சிலவே:

லெஃப்ட் ஜாயின் (இடது டேபிளின் எல்லா வரிகளையும் தருவது) போட்டுவிட்டு வலது டேபிளின் நெடுவரிசையை வேர் (WHERE) கண்டிஷனில் வடிகட்டினால், பொருந்தாத வரிகளெல்லாம் விழுந்து அது இன்னர் ஜாயின் (பொருந்தியவை மட்டும்) ஆகிவிடும். அந்த நிபந்தனை ஆன் (ON) பகுதிக்குள் போக வேண்டும்.

நாட் இன் (NOT IN) போட்ட சப்கொயரியில் (உள்ளே வரும் கேள்வி) ஒரே ஒரு வெற்று மதிப்பு (NULL) இருந்தாலும் ஒரு வரிகூடத் திரும்பாது. எரரும் வராது, அதுதான் ஆபத்து. நாட் எக்ஸிஸ்ட்ஸ் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது அதிக சம்பளம் கேட்டால், முதல் இடத்தில் இரண்டு பேர் ஒரே சம்பளத்தில் இருந்தால் என்ன செய்வது என்று முதலில் கேளுங்கள். ரேங்க் என்றால் 1, 1, 3 என்று போகும், டென்ஸ் ரேங்க் என்றால் 1, 1, 2.

நகரம், தேதி என்ற வரிசையில் கூட்டு இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் பட்டியல்) இருந்தால், நகரத்தை வைத்துத் தேடும்போது உதவும். தேதியை மட்டும் வைத்துத் தேடினால் பொதுவாக உதவாது. இதைச் சொன்னதும் "எப்படி உறுதிப்படுத்துவீர்கள்?" என்பார்கள். எக்ஸ்ப்ளெயின் (டேட்டாபேஸ் எப்படித் தேடுகிறது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

---

வெற்றுச்சரம் பதில்:

மேலே சொன்னதெல்லாம் நல்லா இருக்கு. விட்டுப்போனது ப்ராஜெக்ட் பேச்சு. அனுபவம் உள்ளவங்களை எடுக்கும்போது இதுக்கு வெயிட் அதிகம், தயாரிப்பு ரொம்பக் குறைவு.

ரெஸ்யூமில் இருக்கிற ஒவ்வொரு வார்த்தையும் கேள்வி ஆகலாம். ஒரு தடவை தொட்டுப் பார்த்த டெக்னாலஜியை எழுதாதீங்க. அப்புறம் ஒவ்வொரு வரியையும் எடுத்து இந்த நாலு கேள்விக்கு விடை எழுதி வெச்சுக்கோங்க: இது ஏன் தேவைப்பட்டுது, வேற என்ன வழி இருந்தது, அதை ஏன் விட்டீங்க, எது உடைஞ்சது. "ஏபிஐ வேகத்தை மேம்படுத்தினேன்"னு எழுதினா எதிலிருந்து எதுக்குன்னு மில்லிசெகண்டில் தெரியணும், எப்படி அளந்தீங்கன்னு தெரியணும். சராசரியா, இல்ல 95ஆவது பெர்சென்டைலான்னு கேட்பாங்க. சராசரி நல்லா இருந்தும் நூத்தில் அஞ்சு பேர் பல விநாடி காத்துக்கிட்டு இருக்கலாம், அதுக்காகத்தான் அந்தக் கேள்வி.

"ஒரு கருத்து வேறுபாடு எப்படிச் சமாளிச்சீங்க", "டெட்லைன் தவறினப்போ என்ன பண்ணீங்க" மாதிரி கேள்விகளுக்கு சூழ்நிலை, உங்க பொறுப்பு, நீங்க செஞ்சது, விளைவுங்கிற வரிசை நல்லா உதவும். ஆனா பலர் சூழ்நிலையிலேயே மூணு நிமிஷம் போயிடறாங்க. மொத்தம் இரண்டு, இரண்டரை நிமிஷம். அதில் பாதிக்கு மேல "நீங்க செஞ்சது"க்குப் போகணும். "நாங்க மாத்தினோம், நாங்க டிசைன் பண்ணோம்"னே சொன்னா, அதில் உங்க பங்கு எதுன்னு அவங்களால குறிச்சுக்க முடியாது. டீம் எடுத்த முடிவுக்கு "நாங்க", உங்க கையால செஞ்சதுக்கு "நான்". இதில் தலைக்கனம் எதுவும் இல்ல, தயங்காதீங்க.

ஐந்தாறு சம்பவம் தயாரா இருந்தா போதும். ஒரே சம்பவம் இரண்டு மூணு கேள்விக்குப் பொருந்தும்.

கடைசியில் "எங்ககிட்ட கேட்க ஏதாவது இருக்கா?"ன்னு வரும்போது இல்லைன்னு சொல்லாதீங்க. சேர்ந்த முதல் மூணு மாசத்தில் என்ன வேலை, புரொடக்‌ஷனில் பிரச்சனை வந்தா ராத்திரி யார் பார்க்கிறாங்க, ஒரு மாற்றம் எழுதி முடிச்சு யூசர் கைக்குப் போக எவ்வளவு நாள் ஆகும். இந்த மூணு பதிலிலேயே அந்த டீம் எப்படி நடக்குதுன்னு ஓரளவு பிடிபட்டுடும்.

---

அரைப்புள்ளி:

இவ்வளவு விவரமா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒண்ணு: வேலையில் ஜாவா, பிராப்ளம் போடறது பைத்தான். இன்டர்வியூவுக்கு எதை எடுக்கிறது? பழகுற முறையும் சொன்னா நல்லா இருக்கும்.

---

இடதுசுட்டி பதில்:

அனுமதித்தால் பைத்தான், குறைந்த வரியில் முடியும். ஆனால் ஜாவா வேலைக்கு விண்ணப்பித்தால் ஜாவாவிலும் கேள்வி வரும் என்பதால் இரண்டின் பொறிகளும் தெரிந்திருக்க வேண்டும்.

பழகும் முறை: ஆட்டோகம்ப்ளீட் இல்லாத வெற்று எடிட்டர், 35 நிமிட டைமர், குரல் பதிவு. 25 நிமிடம் ஆகியும் வழியே பிடிபடவில்லை என்றால் விளக்கத்தைப் படியுங்கள், மூடிவிட்டு நீங்களாக எழுதுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, பத்து நாள் கழித்து ஒரு முறை அதே கேள்வி. புதுக் கேள்விகளை அடுக்குவதைவிட இது பல மடங்கு பலன் தரும். வாரம் ஒரு முறையாவது நண்பர் ஒருவரை எதிரில் உட்கார வைத்துச் செய்யுங்கள், யாரோ பார்க்கும்போது எழுதும் பழக்கம் தனியாக வராது.

பைத்தானில் லிஸ்டின் முதல் உறுப்பை பாப் செய்வது ஒவ்வொரு முறையும் மீதி எல்லாவற்றையும் நகர்த்தும், பிஎஃப்எஸ்-க்கு (அடுக்கடுக்காகத் தேடுவது) டெக் (இரு முனையிலும் எடுக்கக்கூடிய வரிசை) எடுங்கள். லிஸ்டில் ஒரு மதிப்பு இருக்கிறதா என்று இன் (in) போட்டுப் பார்ப்பதும் முழு ஓட்டம்தான், செட் பயன்படுத்துங்கள். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) ஆழம் இயல்பாக 1,000இல் நின்றுவிடும், நீளமான லிங்க்டு லிஸ்டில் (ஒன்றோடொன்று கோத்த பட்டியல்) ரிகர்ஷனாக எழுதினால் அங்கே உடையும். பூஜ்ஜியங்கள் நிறைந்த ஒரு வரியைப் பெருக்கல் குறியால் மூன்று வரியாக்கினால், மூன்றும் ஒரே வரிதான்; ஒன்றை மாற்றினால் மூன்றும் மாறும்.

ஜாவாவில் பைனரி சர்ச்சுக்கு நடு இடம் கண்டுபிடிக்க இரண்டு எல்லைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால், கூட்டல் 214 கோடியைத் தாண்டும்போது நெகட்டிவ் ஆகிவிடும். ஜாவாவின் சொந்த லைப்ரரியிலேயே இந்தப் பிழை பல வருடம் இருந்து, 2006இல்தான் பரவலாகத் தெரிய வந்தது. கீழ் எல்லையோடு வித்தியாசத்தின் பாதியைக் கூட்டுங்கள். இன்னொன்று, இன்டிஜர் ஆப்ஜெக்ட்டுகளை இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் -128 முதல் 127 வரை சரியாக வரும், அதற்கு மேல் போனால் ஒரே எண்ணுக்கும் பொய் என்று வரலாம். சின்ன எண்களை வைத்து டெஸ்ட் செய்தால் கண்ணில் படாது. ஈக்வல்ஸ் பயன்படுத்துங்கள், டெஸ்டில் 1000 மாதிரி ஒரு எண்ணையும் போடுங்கள்.